மாத்திரை வரவில்லை என்றால்: சிங்கப்பூரில் மருந்துத் தட்டுப்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதா மாதம் மருந்து வாங்கும் குடும்பங்களுக்கும், கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் ஸ்டாக் பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதியிருக்கிறோம். முகப்பில் ஒருவர் “இந்த மாத்திரை வரவில்லை” என்று சொல்வதற்குப் பல வாரங்கள் முன்பே தட்டுப்பாடு தொடங்கிவிடுகிறது. அந்த வாரங்களில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்துத்தான் ஒருவரின் மாத்திரைப் பெட்டி நிரம்புவதும் காலியாவதும் இருக்கிறது.

“ஸ்டாக் இல்லை” என்றால் சிங்கப்பூரிலேயே அந்த மருந்து இல்லை என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கடையில் மட்டும் தீர்ந்திருக்கலாம். ஒரு பிராண்டு மட்டும் வராமல் இருக்கலாம். 5 மில்லிகிராம் இல்லாமல் 10 மில்லிகிராம் இருக்கலாம். மருந்தே எந்த வடிவத்திலும் எங்கும் கிடைக்காத நிலை அரிது, ஆனால் அதுவும் நடக்கிறது. நான்குக்கும் தீர்வு வேறு வேறு. அதனால் மருந்தாளரிடம் “எது இல்லை? பிராண்டா, அளவா, மருந்தேயா?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மூன்று பேட்டைகளுக்கு அலைந்து திரும்புகிறவர்கள் உண்டு.

துவாஸில் அவ்வளவு பெரிய மருந்து ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் நமக்கு ஏன் தட்டுப்பாடு?

ஃபைசர், நோவார்ட்டிஸ், ஜிஎஸ்கே போன்ற நிறுவனங்களின் ஆலைகள் துவாஸில் இருப்பது உண்மை. அவை உலகச் சந்தைக்காகச் சில மூலமருந்துகளையும் (மாத்திரைக்குள் வேலை செய்யும் பொருள்) உயிரியல் மருந்துகளையும் தயாரிப்பவை. தாத்தா தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரை அங்கே அச்சாகி அட்டையில் அடைபடுவதில்லை. காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கும் சாதாரண ஜெனரிக் மாத்திரைகளில் பெரும்பாலானவை கப்பலிலும் விமானத்திலும்தான் வருகின்றன.

நம் சந்தை சிறியது என்பது இன்னொரு சங்கடம். மக்கள்தொகை 60 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. ஓர் ஆலை ஒரே ஓட்டத்தில் லட்சக்கணக்கில் மாத்திரை அடிக்கும். சில அரிய மருந்துகளில் அப்படி ஒரு பேட்ச் நமக்குப் பல ஆண்டுக்குப் போதும், அதற்குள் காலாவதியாகிவிடும். இந்த நாட்டுக்கென்று தனி உறை, தனிப் பதிவு, பதிவுக் கட்டணம் எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, லாபமில்லை என்று விற்பனையாளர் விலகிவிடுவதும் உண்டு. விலகல் கடிதம் கையில் வரும்போது கடைசி பேட்ச் ஏற்கெனவே கிடங்குக்கு வந்து சேர்ந்திருக்கும்.

தட்டுப்பாடு எங்கிருந்து கிளம்புகிறது?

பல நேரம் யாரும் பெயர் கேள்விப்படாத ஓர் ஊரிலிருந்து. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த ஆலைகள் முடங்கி, அமெரிக்க மருத்துவமனைகளில் சிறிய சலைன் பைகளுக்கே பஞ்சம் வந்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவில் ஒரு பாக்ஸ்டர் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அமெரிக்காவின் சிரைவழித் திரவங்களில் ஏறக்குறைய 60% அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2022இல் ஷாங்ஹாய் ஊரடங்கால் ஓர் ஆலை மூடப்பட, சிடி ஸ்கேனுக்கான அயோடின் சாயத்துக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு வந்தது. குஜராத்தில் ஓர் ஆலையில் 2022 இறுதியில் நடந்த தரச் சோதனைக்குப் பிறகு உற்பத்தி நின்றது. 2023இல் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் கடும் தட்டுப்பாடு.

அரசுகளின் முடிவும் காரணமாகலாம். 2020 மார்ச்சில் இந்தியா பாரசிட்டமால் உள்பட 26 மூலமருந்துகள், மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தேவை திடீரென ஏறினாலும் இதே கதைதான்: எடை குறைக்கவென்று செமாகுளூட்டைடை உலகமே தேடத் தொடங்கியதும், அதையே நீரிழிவுக்காகப் போட்டுவந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரே மருந்தை ஐந்து கம்பெனிகள் விற்றால் பயமில்லைதானே?

ஐந்தும் ஒரே ஆலையின் மூலமருந்தை வாங்கிக்கொண்டிருந்தால் ஐந்தும் ஒரே நாளில் நின்றுவிடும். மாத்திரை அடிப்பவர் வேறு, அதனுள் இருக்கும் மூலமருந்தைச் சமைப்பவர் வேறு. 2018 ஜூலையில் சீனாவின் ஓர் ஆலையிலிருந்து வந்த வல்சார்ட்டான் என்ற ரத்த அழுத்த மருந்தின் மூலமருந்தில், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடிய என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைன் மாசு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை வாங்கியிருந்த பல நாட்டு பிராண்டுகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்தவற்றை ஒப்பிட்டாலே பாடம் தெளிவாகும். 2019 டிசம்பரில் சுகாதார அறிவியல் ஆணையம் மெட்ஃபார்மின் மருந்துகளை அதே மாசுக்காகச் சோதித்து, இங்கே விற்பனையிலிருந்த 46இல் 3ஐ மட்டும் திரும்பப் பெற்றது. மற்ற 43 இருந்ததால் நீரிழிவு நோயாளிகளுக்கு மாத்திரை மாறியதே தவிர, சிகிச்சை நிற்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில், வயிற்று அமிலத்துக்கான ரானிட்டிடினின் 8 பிராண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே கோளாறு ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. ரானிட்டிடின் மூலக்கூறே காலப்போக்கில் சிதைந்து அந்த மாசை உண்டாக்கக்கூடியது. அத்தகைய நிலையில் பிராண்டு எத்தனை இருந்தாலும் உதவாது, ஃபாமோட்டிடின் அல்லது ஒமிப்ரசோல் போன்ற வேறு மருந்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே ஒரு நாடு தன் மருந்துப் பட்டியலை ஆராயும்போது எண்ண வேண்டியது மூலமருந்து ஆலைகளை. ஒவ்வொரு முக்கிய மருந்துக்கும் மூலமருந்து எந்த ஊரில், மாத்திரை எந்த ஊரில், உறையிடல் எந்த ஊரில் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் சங்கிலி அறுபடப்போகும் இடம் அதுதான்.

அரசுத் தரப்பில் யார் என்ன பார்க்கிறார்கள்?

சுகாதார அமைச்சு கொள்கையையும் தேசியக் கையிருப்பையும் பார்க்கிறது. சுகாதார அறிவியல் ஆணையம் மருந்துப் பதிவு, தரம், திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு. மூன்று பொதுச் சுகாதாரக் குழுமங்களுக்கும் சேர்த்துக் கொள்முதல் செய்ய 2018இல் ஆல்ப்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. எந்த மருந்துக்குச் செலவுக்கேற்ற பலன் இருக்கிறது என்று மதிப்பிட்டு மானியப் பரிந்துரை செய்வது 2015இல் அமைந்த ஏஸ் அமைப்பின் வேலை.

தட்டுப்பாட்டில் அதிகம் பயன்படுவது ஆணையத்தின் சிறப்பு அனுமதி வழி. இங்கே பதிவாகாத ஒரு மருந்தை, மருத்துவர் தன் நோயாளிக்குத் தேவை என்று கேட்டால், உரிமம் பெற்ற இறக்குமதியாளர் அனுமதியுடன் கொண்டுவரலாம். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கென்றும் கொண்டுவரலாம், மருத்துவமனையின் முன்னிருப்பாகவும் கொண்டுவரலாம். கொவிட் காலத்தில் 2020 டிசம்பரில் இதைப் போலவே பெருந்தொற்றுக்கெனத் தனி வழி ஒன்றும் திறக்கப்பட்டது.

இந்த வழி திறந்திருப்பது மட்டும் போதாது. அப்படி வரும் பெட்டியில் எழுத்து வேறு மொழியில் இருக்கலாம், செறிவு வேறாக இருக்கலாம். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று பழகிய கைக்கு 25 மில்லிகிராம் ஊசிக்குப்பி வந்தால் பிழை நடக்கக் காத்திருக்கும். பெட்டி வார்டுக்குப் போகுமுன் மருந்துப் பிரிவிலேயே புதிய ஒட்டு, கணினியில் தனிக் குறியீடு, தாதியருக்கு ஒரு பக்கக் குறிப்பு, மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

எல்லா மருந்தையும் ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவித்துவிட்டால் தீர்ந்ததே?

கிடங்கில் அடைத்து வைத்து மறந்துபோகும் கையிருப்பு ஒரு நாள் மொத்தமாகக் குப்பைக்குப் போகும். இரண்டாண்டு ஆயுள் உள்ள மருந்து, கப்பலும் சோதனையும் தாண்டி நம் கைக்கு வரும்போது 14, 15 மாதம்தான் பாக்கி இருக்கும். அதில் ஆறு மாதத்தை இருப்பாக வைத்தால், பழையது தினசரிப் பயன்பாட்டுக்கு வெளியேறி, புதியது பின்னால் வந்து சேரும் சுழற்சி வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே. வந்த தேதி வரிசையில் எடுப்பதும் காலாவதி வரிசையில் எடுப்பதும் ஒன்றல்ல. பிந்தி வந்த பெட்டிக்கு முந்திய காலாவதி இருப்பது வாடிக்கை.

வெப்பமும் ஈரமும் இன்னொரு செலவு. ஆசியான் நாடுகளில் மருந்தின் ஆயுளை 30 டிகிரி செல்சியஸ், 75% ஈரப்பதத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். குளிர்நாட்டில் 25 டிகிரிக்குத் தேறிய மருந்து இங்கே அதே ஆயுள் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை, அவற்றைப் பெருமளவு சேர்ப்பது மின்செலவும் குளிரறையும் சேர்ந்த கணக்கு.

எதைச் சேர்ப்பது என்பதற்கு எங்கள் அளவுகோல் இது. ஒரு வாரம் நின்றால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தா? மாற்று மருந்து இல்லையா? மூலமருந்து ஓரிரு ஆலைகளிலிருந்துதான் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இருப்பு வைத்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் வேறு வழி பார்க்கலாம்: டெண்டரை ஒருவருக்கே முழுதும் கொடுக்காமல் 70க்கு 30 என்று இருவருக்குப் பிரிப்பது, மூலமருந்து ஊர் வேறாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது. விலை சற்று ஏறும். அந்தக் கூடுதல் விலையை வீண் என்று வெட்டுகிறவர்கள், தட்டுப்பாட்டு மாதத்தில் அவசரமாக விமானத்தில் தருவிக்கும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிறிய கிளினிக் நடத்துகிறோம். எவ்வளவு இருப்பு வைப்பது, எப்போது ஆர்டர் போடுவது?

ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராமை எடுத்துக்கொள்வோம். உங்கள் கிளினிக்கில் மாதம் 3,600 மாத்திரை போகிறது, நாளுக்குச் சராசரி 120. பரபரப்பான நாட்களில் 160. ஆர்டர் போட்டால் வழக்கமாக 3 நாளில் வரும். கடந்த ஓராண்டில் மிகவும் தாமதமானபோது 21 நாள் ஆனது.

பாதுகாப்பு இருப்பு: 160ஐ 21ஆல் பெருக்க 3,360. அதிலிருந்து வழக்கமான தேவை, 120 பெருக்கல் 3, அதாவது 360ஐக் கழிக்க 3,000. மறு ஆர்டர் புள்ளி: 3,000உடன் 360 கூட்ட 3,360. இருப்பு அதைத் தொட்ட நாளில் ஆர்டர் போக வேண்டும். எல்லா மருந்துக்கும் இவ்வளவு வைக்க இடமிருக்காது, பணமும் முடங்கும். உங்கள் நோயாளிகளில் அதிகம் பேர் தினசரி போடும் 15, 20 மருந்துகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

கணக்கு பெரும்பாலும் பிசகுவது அலமாரியை எண்ணும் விதத்தில். கையில் 4,200 மாத்திரை, நாளுக்கு 120, ஆகவே 35 நாள் என்று எழுதிவிடுகிறோம். அதில் 900 மாத்திரை இரண்டு மாதத்தில் காலாவதி. மூன்று மாதத்துக்குச் சீட்டு வாங்குபவருக்கு அதைக் கொடுக்க முடியாது, அவர் கடைசி மாத்திரையை விழுங்கும் நாளில் அது காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். அவரைப் போன்றவர்களே உங்கள் நோயாளிகளில் அதிகம் என்றால் உண்மையான இருப்பு 3,300, நாட்கள் 27தான். அந்த 900ஐத் தனியே வைத்து, ஒரு மாதச் சீட்டு வாங்குபவர்களுக்கு முதலில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

எச்சரிக்கை மணி விற்பனையாளர் கடிதத்தில் வருவதற்கு முன் உங்கள் பில்லிலேயே அடிக்கும். 20 பெட்டி கேட்டு 12 வந்தால் அது முதல் மணி. “பாக்கி அடுத்த வாரம்” என்பது இரண்டாவது முறை வந்தால் இரண்டாவது மணி. கேட்ட அளவு, வந்த அளவு, தேதி என்று ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு வையுங்கள். இரண்டு முறை குறைந்து வந்த மருந்துக்கு அன்றே மாற்று விற்பனையாளரிடம் பேசுங்கள். பத்து மடங்கு ஆர்டர் மட்டும் போடாதீர்கள். எல்லாக் கிளினிக்கும் அப்படிச் செய்தால் இல்லாத தேவை ஒன்று கணினியில் தெரியும், உண்மையில் தேவைப்பட்டவருக்குப் பங்கு கிடைக்காது.

தட்டுப்பாடு உறுதியாகிவிட்டது. முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியது என்ன?

முதலில் மாற்று மருந்தை எண்ணுங்கள். அறிவிப்பு அப்புறம். ரத்த அழுத்தத்துக்கு லொசார்ட்டான் போடும் 400 பேரை அதே வகையைச் சேர்ந்த டெல்மிசார்ட்டானுக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தால், அந்த 400 பேருக்குமான டெல்மிசார்ட்டான் இருக்கிறதா? ஏற்கெனவே அதைப் போடுபவர்களுக்குப் போக மிஞ்சுகிறதா? இதைப் பார்க்காமல் மாற்றினால் இரண்டு வாரத்தில் இரண்டாவது தட்டுப்பாடு. வல்சார்ட்டான் விவகாரத்துக்குப் பிறகு பல நாடுகளில் அதன் தம்பி மருந்துகளுக்கும் இதுதான் நேர்ந்தது.

அடுத்து, கொடுக்கும் காலத்தைக் குறையுங்கள். 9,000 மாத்திரை இருக்கிறது, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. 90 நாளுக்குக் கொடுத்தால் 100 பேர் வாங்கிப் போவார்கள், 101ஆவது ஆள் வெறுங்கையோடு. 30 நாளுக்குக் கொடுத்தால் 300 பேருக்குக் கிடைக்கும். மருந்து கூடவில்லை, ஆனால் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்பது நின்று, அடுத்த சரக்கு வரும்வரை அவகாசம் கிடைக்கிறது. இதற்கு விலை உண்டு: நோயாளிகள் மருந்துக்கு வந்துபோகும் தடவை மூன்று மடங்காகும். சக்கர நாற்காலியில் வரும் பாட்டியை மாதாமாதம் வரச் சொல்லக் கூடாது. அஞ்சலில் அனுப்புவதையும் உறவினர் வந்து வாங்குவதையும் அதே நாளில் ஏற்பாடு செய்யுங்கள்.

யாருக்கு முதலில் என்ற முடிவை முகப்பில் இருக்கும் இளம் மருந்தாளரின் தலையில் கட்டாதீர்கள். மருத்துவரும் மருந்தாளரும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி, எல்லா முகப்பிலும் ஒட்டுங்கள். அப்படி எழுதாத இடத்தில் சத்தம் போடுபவருக்குக் கிடைக்கும், தயங்கி நிற்பவருக்குக் கிடைக்காது. ஒரு வெளிநாட்டு ஊழியரோ தமிழ் மட்டுமே தெரிந்த முதியவரோ திரும்பிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று தெரியும்.

கடைசியாக, கணினியில் பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புதியதைப் பதியுங்கள். இரண்டும் பட்டியலில் இருந்தால் இரண்டும் கொடுக்கப்படும்.

பெரிய மருத்துவமனைகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வீணாவதை நிறுத்தியே பாதி தூரம் போகலாம். புற்றுநோய் மருந்தில் கணக்கிட்ட அளவை 10%க்குள் அருகிலுள்ள குப்பி அளவுக்கு முழுமையாக்குவது, ஒரே மருந்து வாங்குபவர்களை ஒரே நாளில் வரவழைத்துக் குப்பியின் மிச்சத்தைப் பகிர்வது. ஸ்கேன் சாயத்துக்குச் சிறிய குப்பிகளைப் பயன்படுத்துவது, அவசரமில்லாதவர்களுக்கு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்டு. சலைன் குறைந்தால், விழுங்கக்கூடியவர்களுக்கு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுவது, வாய்வழி நீரேற்றம். குணமாகும் வாய்ப்புள்ள நோயாளிக்கு மாற்றில்லாத மருந்தை ஒதுக்குவது இவற்றில் கடினமான முடிவு. அதைக் குழுவாக எடுத்து, காரணத்தோடு பதிவு செய்கிறார்கள்.

மாத்திரையின் நிறமும் பெயரும் மாறிவிட்டது. போடலாமா?

உறையில் பெரிய எழுத்தில் இருப்பது பிராண்டுப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இரண்டாவது பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலான மருந்துகளில் கவலை இல்லை. சிலவற்றில் பிராண்டு மாறினாலே ரத்த அளவு மாறக்கூடும்: வார்ஃபரின், லெவோதைராக்சின், வலிப்புக்கான பெனிடோயின், கார்பமசெபின், உறுப்பு மாற்று செய்தவர்களுக்கான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், அப்புறம் லித்தியம். இவற்றைப் போடுபவர்கள் மாறிய நாளைக் குறித்துவைத்து, மறு ரத்தப் பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நாங்கள் அதிகம் பயப்படும் பிழைகள் வேறு. பழைய வெள்ளை மாத்திரை டப்பாவில் பாதி இருக்கும், புதிய மஞ்சள் மாத்திரை கையில் வரும், அம்மா இரண்டையும் போடுவார். இரண்டும் ஒரே மருந்து. இரட்டை அளவில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் குளியலறையில் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். புதியது வந்ததும் பழையதைத் தீர்த்துவிட்டுத் தொடங்குவதா, எடுத்துவைத்துவிடுவதா என்று அங்கேயே கேளுங்கள்.

5 மில்லிகிராம் இல்லாமல் 10 மில்லிகிராமைப் பாதியாக்கிப் போடச் சொன்னால், முகப்பை விட்டு நகருமுன் வெட்டும் கருவி ஒன்றை வாங்கி, முதல் பத்து மாத்திரையை வீட்டில் கண் தெரிந்தவர் வெட்டிவைக்கட்டும். எக்ஸ்ஆர், எல்ஏ, எஸ்ஆர் என்று பெயரின் வாலில் இருப்பவற்றை மருந்தாளர் சொல்லாமல் வெட்டாதீர்கள், பொடிக்காதீர்கள். நாள் முழுவதும் மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும்.

குழந்தையின் அமாக்சிசிலின் சிரப்பு 5 மில்லிக்கு 125 மில்லிகிராமிலிருந்து 250க்கு மாறினால், முன்பு 5 மில்லி கொடுத்த இடத்தில் இப்போது 2.5 மில்லி. பழைய கரண்டியின் கோடு கையில் பதிந்திருக்கும், அதனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய சிரிஞ்சில் மருந்தாளரையே கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். பாரசிட்டமால் சிரப்பும் 120, 250 என்று இரு செறிவில் இங்கே கிடைக்கிறது.

இன்சுலின் பேனா மாறினால் ஊசி பொருந்துகிறதா என்பதோடு நில்லாதீர்கள். யூ-100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட், யூ-300 என்றால் 300. பேனா தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ஆனால் யூ-300 பேனாவிலிருந்து சாதாரண யூ-100 சிரிஞ்சில் உறிஞ்சினால் மூன்று மடங்கு இறங்கும். ஒருபோதும் அப்படி எடுக்காதீர்கள்.

வீட்டில் எவ்வளவு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்?

இரண்டு வாரம். 14 நாள் மருந்து மிச்சமிருக்கும்போது அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். பொது மருத்துவமனை, பலதுறை மருந்தகம் என்றால் ஹெல்த்ஹப் செயலியிலேயே கேட்டு வீட்டுக்கு வரவழைக்கலாம். அதற்கு மேல் சேர்ப்பது பக்கத்து வீட்டுக்காரரின் அலமாரியிலிருந்து எடுப்பதற்குச் சமம். 1,000 பேர், மாதம் 30 மாத்திரை, இருப்பு 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதத்துக்குப் போதும். அவர்களில் 300 பேர் பயந்துபோய் ஆளுக்கு இரண்டு மாதம் கூடுதலாக வாங்கினால் 18,000 போய்விடும். 30,000உம் 18,000உம் சேர்ந்தால் 48,000. தட்டுப்பாடே இல்லாத மருந்து அந்த மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும்.

ஊரிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வாங்கி வரலாமா?

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை கொண்டுவரலாம். கோடீன் உள்ள இருமல் மருந்து, டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்குப் புறப்படுமுன்பே ஆணையத்தின் அனுமதி வேண்டும். அடுத்தவருக்கென்று கொண்டுவந்து விற்பது குற்றம். மருத்துவர் சீட்டையும் மூல உறையையும் கூடவே வையுங்கள், உதிரி மாத்திரையாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வராதீர்கள்.

இந்தியாவில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுப்பது சர்வ சாதாரணம். ஊரில் வாங்கிய சர்க்கரை மாத்திரையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கும். இங்கே பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மெட்ஃபார்மினையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும், கிளிமெபிரைடால் சர்க்கரை திடீரென இறங்கவும் செய்யும். கொண்டுவந்த அட்டையை மருந்தாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் பெரிது. தட்டுப்பாட்டுக் காலம்தான் தரம் குறைந்த சரக்குக்கு வாசல். 2022 அக்டோபரில், காம்பியாவில் 66 குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புடையவை என்று இருமல் சிரப்புகள் குறித்து உலகச் சுகாதார அமைப்பு எச்சரித்தது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் சோதனை காட்டியது. அது சிறுநீரகத்தைக் கொல்லும் தொழிற்சாலை ரசாயனம். இணையத்தில் விற்கும் “மூலிகை” மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் போட்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. முகம் உருண்டு வீங்கியிருந்தால், மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள்.

காலாவதியான மாத்திரையைத் தட்டுப்பாட்டில் போடலாமா?

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். சில மருந்துகளின் ஆயுளை அதிகாரிகள் சோதனைத் தரவு பார்த்து நீட்டித்ததுண்டு. 2018இல் அமெரிக்காவில் எப்பிபென் என்ற கடும் ஒவ்வாமைக்கான ஊசியின் சில பேட்ச்களுக்கு நான்கு மாதம் கூட்டினார்கள். அதுவும் உறையில் சொன்னபடி பத்திரமாக வைக்கப்பட்டிருந்த ஊசிகளுக்கு மட்டும்தான். சமையலறை அலமாரியில் அடுப்புக்கு மேல் இருந்ததற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மாற்று மருந்துக்கு அதிகம் செலவாகுமா?

ஆகலாம். பழையது மானியப் பட்டியலில் இருந்து புதியது இல்லாவிட்டால் பில் ஏறும். கையெழுத்திடுமுன் கேளுங்கள்: இதற்கு மானியம் உண்டா, இல்லையென்றால் பட்டியலில் உள்ள வேறு மருந்து பொருந்துமா, மெடிசேவிலிருந்து எடுக்கலாமா? ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல், தனியார் கிளினிக்கிலும் நாள்பட்ட நோய் மருந்துகள் பலதுறை மருந்தகத்தை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. கட்டுப்படியாகாவிட்டால் மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்கக் கேளுங்கள். பணம் போதவில்லை என்று மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் அளவைக் கூட்டிவிடுகிறார்.

மருந்து வாங்கப் போகும்போது கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

கைப்பேசியில் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு படம். ஒன்று பெயர் ஒட்டிய உறை, இன்னொன்று அட்டையின் பின்புறம், அங்கேதான் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். மருந்து திரும்பப் பெறப்படும் அறிவிப்பு வந்தால் உங்களுடையது அதில் உண்டா என்று பேட்ச் எண்ணைப் பார்த்து ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அறிவிப்பைப் படித்த பயத்தில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருந்தாளரைக் கேட்கும்வரை தொடருங்கள். ஒவ்வாமை, சிறுநீரகப் பரிசோதனையின் கடைசி முடிவு, வேறு கிளினிக்கில் வாங்கும் மருந்து, மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் துண்டாக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், எண் அச்சான ஓரத்தைக் கடைசியாக வெட்டுங்கள்.